அவர் மூன்று முறை கேட்டார்

மாப்ளே,

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் கடிதம் எழுதுகிறேன் என்றால், பிரிவு தாங்காமல் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. ஆத்திரத்தில் எழுதுகிறேன். நீ உயிரோடு இருந்தபோதே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. அப்போது எழுதாததற்கு ஒரு காரணம் இருந்தது. அதையும் சொல்கிறேன்.

நேற்று லீவாவுக்குப் போயிருந்தேன். நாம் போன அதே லீவாதான். அபுதாபியில் இருக்கும் என் மகன், ஆபீஸ் நண்பர்கள் நான்கு குடும்பத்தோடு சேர்ந்து என்னையும் காரில் ஏற்றிக்கொண்டான். மருமகள் முதல் நாளே போனில் விளம்பரத்தைக் காட்டினாள். வண்ணப் பாலைவனமாம், அரச வம்சத்தின் பூர்வீக மண்ணாம், ஒருநாள் சுற்றுலாவாம். "மாமா, நீங்க இங்கதான வேலை பாத்தீங்க, போட்டோ எடுத்துக்கலாம் வாங்க" என்றாள். வரமாட்டேன் என்று சொல்ல வெளியே சொல்லக்கூடிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை. வழி முழுக்க வழவழவென்று தார் ரோடு. காருக்குள் சட்டைக்கு மேல் துண்டைப் போர்த்திக்கொள்ளும் அளவுக்குக் குளிர்.

அங்கே ஒரு கூடாரத்தில் கம்பளம் விரித்து எங்களை உட்கார வைத்தார்கள். வெள்ளை அங்கி போட்ட ஒருவன் நீள மூக்குப் பித்தளைக் கெண்டியிலிருந்து, கைப்பிடி இல்லாத சின்னக் கோப்பைகளில் காபி ஊற்றிக் கொடுத்தான். ஏலக்காய் மணம் முகத்தில் வந்து மோதியது. அந்த நேரம் பார்த்து வழிகாட்டி இங்கிலீஷில் விளக்க ஆரம்பித்தான். இந்த ஊர்ப் பழைய வழக்கப்படி, விருந்தாளி காபியைக் குடிக்காமல் கீழே வைத்தால் அவனுக்கு ஏதோ கோரிக்கை இருக்கிறது என்று அர்த்தமாம். வீட்டுக்காரர் என்ன வேண்டும் என்று கேட்பாராம். செய்து தருகிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்த பிறகுதான் விருந்தாளி கோப்பையைத் தொடுவானாம். மருமகள் தன் கோப்பையைக் கம்பளத்தில் வைத்துவிட்டு, "அப்ப எனக்கு ஒரு வீடு வேணும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மேல் தப்பில்லை, அவளுக்கு என்ன தெரியும். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். மகன் பின்னாலேயே ஓடி வந்து, "மாத்திரை போட்டீங்களாப்பா?" என்று கேட்டான்.

மாத்திரை போட்டால் அடங்குகிற சமாச்சாரமா இது?

நாம் இருந்த காலத்தைச் சொன்னால் இந்தப் பிள்ளைகள் நம்பாது. எழுபதுகள். இன்று முசஃபா என்று வொர்க்‌ஷாப்பும் கேரேஜுமாக நெருங்கிக் கிடக்கிற இடத்துக்கு அப்பால், வெறும் பொட்டலில் நம் ரோடு கம்பெனியின் கேம்ப். ஒரு ரூமில் எட்டுப் பேர். நான் சர்வே கூட்டத்தில் அளவுச் சங்கிலி பிடிப்பவன், நீ லாரி டிரைவர். நமக்கு ஒரே தாலுகா, அடுத்தடுத்த ஊர், ஒரே தபால் ஆபீஸ். எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவன் என்பதால் ரூமில் எல்லோருக்கும் கடிதம் எழுதுவதும் வந்ததைப் படித்துக் காட்டுவதும் என் வேலை. உனக்கு அரபி நன்றாக வந்தது. எனக்கு யல்லா, கலாஸ், மாஃபி, அதாவது கிளம்பு, முடிந்தது, இல்லை என்பதைத் தாண்டி ஒன்றும் ஏறவில்லை.

நம் விசாவுக்குப் பொறுப்பான கஃபீல், அந்த அரபிப் பெரியவர், ராஜ குடும்பத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்வார்கள். அவர் நகரத்துப் பக்கம் வருவதே அபூர்வம். லீவாவில் பேரீச்சந் தோட்டத்தில்தான் இருப்பார். மாதம் ஒருமுறை அங்கே டீசல் டிரம் கொண்டுபோவது நீதான். அந்தச் செல்வாக்கில் உன் நடையே கொஞ்சம் மாறியிருந்தது.

கல்யாணமாகி இருபத்திரண்டாம் நாள் விமானம் ஏறியவன் நீ. ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாய், அதற்கு மேல் முடியவில்லை. லீவு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான். பாஸ்போர்ட் மேனேஜரின் அலமாரியில். நம் ஆட்கள் பலபேர் செய்கிற வேலையை நீயும் செய்தாய். ஊரிலிருந்து பொய்த் தந்தி அடிக்கச் சொன்னாய். "அம்மா சீரியஸ், உடனே புறப்படு." அந்த வாசகத்தை உன் மச்சானுக்குக் கடிதத்தில் எழுதி அனுப்பியது என் கை. சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். "நல்லா அழுகாச்சியா எழுதுடா, படிக்கிற மேனேஜர் கரையணும்" என்று பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாய்.

மேனேஜர் கரையவில்லை. நீ அவரை விட்டுவிட்டு, டீசல் கொண்டுபோன நாளில் பெரியவரிடமே நேராகச் சொன்னாய். இரண்டு நாளில் பாஸ்போர்ட் உன் கையில் இருந்தது. "போய் உக்காந்தேன், எங்கம்மா சாகக் கெடக்குன்னேன், கலாஸ்" என்று விரலைச் சொடுக்கினாய். ரூமில் உன்னைத் தோளில் தூக்காத குறை. இரண்டு மாத லீவில் போனவன் நாலு மாதம் கழித்துப் பளபளவென்று திரும்பி வந்தாய். சாகக் கிடந்த உன் அம்மா போட்டுக் கொடுத்த எலுமிச்சங்காய் ஊறுகாயை எட்டுப் பேரும் நக்கித் தீர்த்தோம்.

நீ வந்த மூன்றாவது வாரம் எனக்குத் தந்தி வந்தது. "அம்மா சீரியஸ், உடனே புறப்படு."

ஓர் எழுத்துகூட மாறவில்லை. எப்படி மாறும்? தபால் ஆபீஸில் எழுதத் தெரியாத என் அப்பாவுக்காகத் தந்தியை எழுதிக் கொடுத்தது உன் மச்சான்தான். அவருக்குத் தெரிந்த வாசகம் நான் எழுதி அனுப்பியதுதான். மேனேஜர் ஃபைலிலிருந்து உன் தந்தியை எடுத்து என் தந்திக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். உங்கள் ஊரில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே அம்மாவா என்று கேட்டுச் சிரித்தார். நான் அவர் காலைப் பிடித்தேன். கையெடுத்துக் கும்பிட்டேன். அவரும் நல்லபடியாகத்தான் சொன்னார், போய் வேலையைப் பார் என்று. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

அன்றைக்கே நம் ஊர் அம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். அம்மா முகத்தைப் பார்க்கிற வரைக்கும் டீ, காபி தொடமாட்டேன் என்று. ஒரு நாளைக்கு எட்டு கிளாஸ் டீ குடிக்கிற எனக்கு விடுவதற்கு அதைவிடப் பெரிதாக வேறொன்றும் இல்லை. நீதான் என் தோளைப் பிடித்து உலுக்கினாய். "நாளைக்கு வெள்ளிக்கெழம, ஊர்லேருந்து வந்தப்புறம் எனக்கு மொத லீவா ட்ரிப்பு. நீயும் வண்டியில ஏறு. பெரியவர்ட்ட நான் பேசுறேன். உங்கம்மா எனக்கும் அம்மாதான்டா."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. நீ மறந்துவிட்டாய். அங்கே போய்ச் சேர்வதற்குள் மறந்துவிட்டாய்.

விடியும்போது கிளம்பினோம். தாரிஃப் வரைக்கும் தார் ரோடு. அதற்குப் பிறகு ரோடு கிடையாது, போன வண்டியின் தடம்தான். தார் முடிகிற இடத்தில் இறங்கி எல்லா டயரிலும் பாதிக் காற்றை இறக்கினாய். அப்போதுதான் சக்கரம் மணலில் புதையாமல் ஏறும். இரண்டு இடத்தில் புதைந்தது, மண்வெட்டியால் தோண்டித் தள்ளினோம். கடல் பக்கம் சுண்ணாம்பு கொட்டியது போல வெள்ளை மணல். பிறகு சாம்பல் நிறத்தில் உப்புத் தரை. அது முடிந்து மஞ்சள். உச்சி வேளைக்கு மேல் மணல் சிவக்கத் தொடங்கியது. ஒரு மேட்டில் ஏறி நிறுத்தியபோது, செங்கல்லை இடித்துச் சலித்துக் கொட்டியது போல மலை மலையாகச் சிவப்பு மணல், நடுவில் பள்ளத்தில் கொத்துக் கொத்தாகப் பேரீச்சை. இதைப் போய் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவளுக்குத் தெரிந்தது கரிசல் ஒன்றுதான். மண்ணுக்கு இத்தனை நிறம் உண்டு என்றால் என்னைத்தான் கேலி பேசுவாள்.

நீ வழி முழுக்கப் பேசவே இல்லை. எனக்காக வேதனைப்படுகிறாய் என்று நினைத்தேன், முட்டாள்.

மண்ணால் கட்டிய கோட்டை, மூலைக்கு ஒரு உருண்டைக் கோபுரம். நேற்றும் அதைப் பார்த்தேன், பூசி மெழுகி விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள், ஆட்கள் வரிசையில் நின்று படம் எடுக்கிறார்கள். அன்று அதன் நிழலில் பேரீச்ச மட்டைப் பந்தல். பெரியவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். மருதாணி ஏறிய தாடி, ஒடிசலான உடம்பு. சுற்றிலும் ஏழெட்டு ஆட்கள். உன்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பக்கத்தில் உட்கார வைத்து, ஏதோ கேட்டார். அதில் 'உம்ம்' என்ற சொல் காதில் விழுந்தது. அம்மாவுக்கு அரபியில் அதுதான் சொல் என்பது எனக்கும் தெரியும். நீ தலையைக் குனிந்தாய். மெல்ல ஏதோ சொன்னாய். பெரியவர் உன் தோளில் கையைப் போட்டு அணைத்துக்கொண்டார். பந்தலில் இருந்த அத்தனை பேரும் கைகளை ஏந்தித் தொழுதார்கள்.

வந்ததும் வராததுமாக என் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிட்டாய் என்று நினைத்தேன். முன்பின் தெரியாத ஒரு கூட்டம் என் அம்மாவுக்காகக் கையேந்துகிறது என்று நினைத்தேன். எனக்குக் கண்ணீர் கொட்டியது. இரண்டு கையையும் கூப்பி அவர்களைப் பார்த்துக் கும்பிட்டேன். நீ என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

பிறகு காபி வந்தது. பெரியவரின் டிரைவர், அந்தப் பாகிஸ்தான்காரப் பட்டாணி, ஊற்றிக்கொண்டே வந்தான். எனக்கு நேர்த்தி இருந்தது. வேண்டாம் என்று சொன்னால் மரியாதைக் குறைவாகப் போய்விடுமே என்று வாங்கி, மெதுவாகப் பாயில் வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். பந்தலில் பேச்சு நின்றுவிட்டது. பெரியவர் கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என்னிடமே நேராக ஏதோ கேட்டார். நான் விழித்தேன். நீ பதில் சொன்னாய். அவர் மறுபடி கேட்டார். நீ சிரித்துக்கொண்டே பதில் சொன்னாய். மூன்றாவது முறை அவர் முன்னால் குனிந்து, என் முகத்தருகே வந்து, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கேட்டார். நான் உன்னைத்தான் பார்த்தேன்.

"என்னடா கேக்குறாரு?"

"காபி கசக்குதான்னு கேக்குறாரு. ஒனக்கு வயிறு சரியில்லன்னு சொல்லிருக்கேன். பேசாம இரு."

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு உள்ளே ஆள் அனுப்பி ஒரு பெரிய கிண்ணம் நிறைய மோர் வரவழைத்துத் தன் கையாலேயே கொடுத்தார். நான் மடக் மடக்கென்று குடித்தேன். நல்ல மோர். சாப்பாடு போட்டார்கள். திரும்பும்போது இரண்டு மூட்டை பேரீச்சம்பழம் வண்டியில் ஏறியது. வழியில் நானாகத்தான் கேட்டேன். "சொல்லிட்டேன் மாப்ள, ரெண்டு நாள்ல பாஸ்போர்ட் வந்துரும்" என்றாய். எதிரே மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்.

இரண்டு நாள் போய், நாலு நாள் ஆயிற்று. ஒவ்வொரு நாளும் ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். மேனேஜருக்கு ஒன்றும் தெரியவில்லை. "பெரிய எடம், நெனப்பு வந்தாத்தான் சொல்லுவாரு, நாம அவசரப்படுத்தக் கூடாது" என்று எனக்குச் சமாதானம் சொன்னாய். ரூமில் எல்லோரும் அந்தப் பழத்தைத் தின்றோம். நானும் தின்றேன். ஒன்பதாம் நாள் இரண்டாவது தந்தி வந்தது. அதை மட்டும் மேனேஜர் சந்தேகப்படவில்லை. அலமாரியைத் திறந்து, எழுந்து நின்று பாஸ்போர்ட்டைக் கொடுத்தார்.

வீடு போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சித்தப்பா மகன் கொள்ளி வைத்திருந்தான். ஒன்பது நாளும் அம்மா வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்த்தாளாம். கூடவே இருந்தது யார் தெரியுமா? உன் அம்மா. "என் மகன் மாதிரிதான அவனும்" என்று சொல்லி, உன் ஊரிலிருந்து நடந்து வந்து, ஒன்பது நாளும் அழுக்குத் துணி அலசி, கடைசியில் என் அம்மா வாயில் பால் ஊற்றியது உன் அம்மா. நான் ஊற்றியிருக்க வேண்டிய பால். நான் அவள் காலில் விழுந்தேன். உன் மகன் எனக்காக லீவா வரைக்கும் வந்து போராடினான் அம்மா, கிடைக்கவில்லை, என்று அவளிடமே சொன்னேன். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

திரும்பி வந்து ஒரு மாதம் இருக்கும். பெரியவரின் வண்டியை ரிப்பேருக்குக் கொண்டுவந்த பட்டாணி, கேம்ப் கேன்டீனில் என்னை அடையாளம் கண்டுகொண்டான். "ஏன் பாய், அன்றைக்குக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஏன் ஒன்றும் கேட்கவில்லை?" என்று கேம்ப்பில் எல்லோருக்கும் பழகிப்போன இந்தியில் கேட்டான். கோப்பைக்கும் கேட்பதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. அவன் பொறுமையாக விளக்கினான். நேற்று வழிகாட்டி சொன்னதையேதான். "பெரியவர் மூன்று முறை கேட்டார். என்ன வேண்டுமோ கேள், உன் காரியம் முடிந்தது என்று நினைத்துக் குடி என்றார். உன் தோஸ்த் ஒவ்வொரு தடவையும், ஒன்றுமில்லை, சும்மா உங்களைப் பார்க்க வந்தான் என்றான். அவனுக்கு இந்த வழக்கம் தெரியாதா என்ன? லீவு கேட்டு வந்தபோது கோப்பையைக் கீழே வைக்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். பாவம், அம்மா செத்த துக்கத்தில் அவனுக்குப் புத்தி ஓடவில்லை போலிருக்கிறது. அதற்காகத்தானே நாங்கள் துவா செய்தோம், பழம் கொடுத்துவிட்டோம்."

உன் அம்மா செத்ததற்காகவா அந்தக் கூட்டம் கையேந்தியது? நான் கும்பிட்டது அதையா? தின்றது அந்தப் பழமா?

கணக்குப் போட்டுப் பார்த்தேன், மாப்ளே, பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை. இரண்டு மாத லீவை நாலு மாதமாக்கியதற்கு அவரிடம் ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். அம்மா பிழைத்துக்கொண்டாள் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். காரணம் போதாது என்று நினைத்தாய், கொன்றே விட்டாய். அந்த வாய் மூடுவதற்குள் அதே ஊர்க்காரன் ஒருவனின் அம்மாவும் சாகக் கிடக்கிறாள் என்று எப்படிச் சொல்வது? பெரியவர் சந்தேகப்பட்டுவிட்டால்? அவர் முன்னால் உன் முகம் கறுத்துவிட்டால்? அவ்வளவுதான். உன் முகம் ஒரு பக்கம், என் அம்மா ஒரு பக்கம். நீ யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. ஒருமுறை நாக்குத் தடுமாறியது என்றால் மன்னித்திருப்பேன். மூன்று முறை. பாஸ்போர்ட் கிடைத்திருந்தால் மூன்றே நாளில் ஊரில் இருந்திருப்பேன். மீதி ஆறு நாளும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இந்தச் சிவப்பு மணலைப் பற்றிச் சொல்லியிருப்பேன்.

உன் கழுத்தைப் பிடிக்க வேண்டும் என்றுதான் ரூமுக்கு வந்தேன். சத்தியமாக. நீ கட்டிலில் உட்கார்ந்து ஊரிலிருந்து வந்த கடிதத்தை வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாய். "அம்மா என்ன எழுதிருக்குன்னு பாருடா" என்று நீட்டினாய். பிரித்துப் படித்தேன். அவள் சொல்லச் சொல்ல உன் மச்சான் எழுதியது. "அந்தப் பிள்ளைக்கு இனிமே அம்மா இல்லை. நீ சாப்பிடும்போது அவன் சாப்பிட்டானா என்று பார்த்துச் சாப்பிடு. அவனுக்கு நான் இருக்கிறேன் என்று சொல்லு." வாய்விட்டு முழுவதும் படித்தேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். உன் முதுகு குலுங்கியது. அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

நான் கேட்டிருந்தால் அது ரூமில் நிற்காது, ஊர் வரைக்கும் போகும். பெற்ற மகனே தன்னைச் சாகடித்துப் பழம் வாங்கி வந்தான் என்று அவள் காதில் விழும். என் அம்மாவுக்குப் பால் ஊற்றிய கைக்கு நான் செய்யக்கூடிய மரியாதை அதுவல்ல. அவள் இன்னும் பதினெட்டு வருஷம் இருந்தாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் எனக்கும் சேர்த்து எண்ணெய் காய்ச்சி வைத்தாள். அவள் போன பிறகு பேசலாம் என்று இருந்தேன். அதற்குள் உன் மகள் கல்யாணம், என் வீட்டுக் கிரகப்பிரவேசம், உன் ஆபரேஷன். ஒரு சண்டை போட நாள் பார்த்து நாள் பார்த்தே எனக்கு வயதாகிவிட்டது.

போன சித்திரையில் மதுரை ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்தேன். உன் மனைவி மருந்து வாங்கப் போயிருந்தாள், நாம் இருவர் மட்டும். என் கையைப் பிடித்தாய். உனக்கு மூச்சு வாங்கியது.

"ஏன்டா, எம் மேல ஒனக்கு ஏதும் கோவம் இருக்கா?"

"என்ன கோவம், அதெல்லாம் ஒண்ணுமில்ல. பேசாம படு."

நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். உதடு அசைந்தது. ஆமாம் என்று நான் சொல்லியிருந்தால் நீ சொல்லியிருப்பாய். வாழ்நாள் முழுக்க எந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேனோ அது உன் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. சாகப் போகிறவனிடம் போய்க் கோபம் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது என்று மரியாதை பார்த்து, நானே அதை உள்ளே தள்ளிவிட்டேன். மறுநாள் உனக்குப் பேச்சு நின்றுவிட்டது.

இருக்கிறது, மாப்ளே. கோபம் அப்படியே இருக்கிறது. இப்போது கேள், சொல்கிறேன்.